ஒற்றை ஃபோட்டானை ஆள எந்த ஒளிக்குழி: படிகமா, அணுவா, குவாண்டம் புள்ளியா?

குவாண்டம் ஒளியியலில் கால்வைக்கும் சிறிய ஆய்வுக் குழுக்களும் முனைவர் பட்ட மாணவர்களும் முதல் ஆண்டிலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது. வெற்றிடத்தில் இரண்டு ஒளிக்கற்றைகள் ஒன்றையொன்று தொடாமல் கடந்துபோகும். ஆகவே ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக உருவாக்கவோ, அவற்றின் நிறத்தை மாற்றவோ, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தடுக்கவோ வேண்டுமானால் நேரியலற்ற ஊடகம் ஒன்று, அதாவது ஒளியின் வலுவைப் பொறுத்துத் தன் மறுமொழி மாறும் பொருள் ஒன்று, நடுவில் நிற்க வேண்டும். அந்த ஊடகத்தின் விளைவு ஒரே ஒரு ஃபோட்டானின் அளவில் மிகச் சிறியது என்பதால், ஒளியை ஆயிரக்கணக்கான முறை அதனூடே திரும்பத் திரும்பச் செலுத்தும் ‘கேவிட்டி’ எனும் ஒளிக்குழியும் வேண்டும். இதுவரை யாருக்கும் ஐயமில்லை. குழிக்குள் எதை வைப்பது என்ற இடத்தில்தான் தயக்கம் தொடங்குகிறது. இரண்டாம் படி நேரியலற்ற படிகம் (ஒளிப்புலத்தின் இருமடிக்கு ஏற்பவும் மறுமொழி தருவது), ஒரே ஓர் அணு, குறைக்கடத்திக் குவாண்டம் புள்ளி (அணுபோல நடந்துகொள்ளும் நானோ அளவுத் துணுக்கு) என மூன்று பெரிய வழிகள் இருக்கின்றன; ஒன்றைத் தேர்ந்தபின் கருவிகளும் பயிற்சியும் அதைச் சுற்றியே அமைந்துவிடுவதால் பாதியில் மாறுவது கடினம்.

பெரும்பாலான ஒப்பீடுகள் ‘எதில் நேரியலற்ற விளைவு வலுவானது’ என்று தொடங்குகின்றன. அந்த வரிசையில் அணு எப்போதும் முதலிடத்தில் வரும்; படிகம் கடைசியில் நிற்கும். ஆனால் ஆய்வகத்தில் வெற்றியையும் தோல்வியையும் தீர்மானிப்பது பெரும்பாலும் இழப்பு. குழிக்குள் போன ஃபோட்டான் எத்தனை முறைக்கு ஒருமுறை, நமக்கு வேண்டிய வாசல் வழியாக, வேண்டிய வடிவத்தில் வெளியே வருகிறது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

பிணைப்பும் கசிவும். குழிக்குள் இருக்கும் ஒரு ஃபோட்டான் ஊடகத்தோடு எவ்வளவு விரைவாக ஆற்றலைப் பரிமாறிக்கொள்கிறது என்பது பிணைப்பு வீதம். அந்த ஃபோட்டான் குழியைவிட்டு எவ்வளவு விரைவாக மறைகிறது என்பது கசிவு வீதம். முதலாவது இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால், உள்ளே ஒரு ஃபோட்டான் இருப்பதே குழியின் ஒத்ததிர்வை நகர்த்திவிடும். அதே நிறமுடைய இரண்டாவது ஃபோட்டானுக்கு உள்ளே இடம் கிடைக்காது. ஃபோட்டான் தடுப்பு எனப்படும் இந்தக் கருத்தை ஆட்டாச் இமாமோக்லுவும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் முன்வைத்தார்கள். தடுப்பும் தருக்க வாயிலும் (ஒரு ஃபோட்டானின் நிலையைப் பொறுத்து மற்றொன்றின் நிலையை மாற்றும் அமைப்பு) வேண்டுவோர்க்கு இந்த விகிதம் உயிர்நாடி. வெறுமனே ஃபோட்டான் உற்பத்தி வேண்டுவோர்க்கு அது ஒன்றைவிட மிகச் சிறியதாக இருந்தாலும் போதும்.

வெளிவரும் விகிதம். குழியின் மொத்தக் கசிவில் நாம் விரும்பிய கண்ணாடி வழியாகச் செல்வது எத்தனை பங்கு என்பதே இது. ஒரு சுற்றில் படிகத்தின் உறிஞ்சலும் பரப்புச் சிதறலும் சேர்ந்து 1 சதவீதம் இழப்பை உண்டாக்குகின்றன என்று கொள்வோம். வெளியேற்றும் கண்ணாடியின் ஊடுகடத்தலும் 1 சதவீதமாக இருந்தால், பிறந்த ஃபோட்டான்களில் பாதிதான் வெளியே வரும். அந்த ஊடுகடத்தலை 10 சதவீதமாக்கினால் 11-இல் 10 பங்கு, அதாவது ஏறத்தாழ 91 சதவீதம் வெளிவரும். ஆனால் குழியின் தரக்காரணி (ஒளியை எவ்வளவு நேரம் உள்ளே தக்கவைக்கிறது என்பதன் அளவு) ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே விழும், விளைவும் அதற்கேற்பத் தளரும். தரக்காரணி உச்சத்தில் இருப்பதாக விளம்பரப்படுத்தப்படும் சிப்புகள் பலவற்றில் ஃபோட்டான், உண்டியலில் போட்ட காசுபோல, உள்ளே இருப்பது உறுதி, எடுப்பதுதான் பாடு. வெளியிடப்பட்ட எண்களை வாசிக்கும்போது உள்ளார்ந்த தரக்காரணி எது, இணைப்போடு சேர்ந்த தரக்காரணி எது என்று பிரித்துப் பார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது.

தூய்மையும் ஒருமையும். ஒரே துடிப்பில் இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து வரும் போக்கை ஆய்வகப் பேச்சில் ‘ஜி-டூ’ என்று வழங்கும் எண் அளக்கிறது. லேசருக்கு அது 1. ஒற்றை ஃபோட்டானுக்கு 0. அடுத்தடுத்து வரும் ஃபோட்டான்கள் ஒன்றையொன்று எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்பதை ஹாங், ஓ, மண்டேல் ஆகியோர் 1987-இல் காட்டிய இருஃபோட்டான் குறுக்கீட்டின் மூலம் அளக்கிறோம்.

நிறமும் பட்டையகலமும். 1550 நானோமீட்டரில் நல்ல ஒளியிழையின் இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல், 780 நானோமீட்டரில் அது 3.5 டெசிபெல்லை ஒட்டி இருக்கும். பத்து கிலோமீட்டர் சென்றபின் முன்னதில் 63 சதவீத ஃபோட்டான்கள் மிஞ்சும். பின்னதில் பத்தாயிரத்துக்கு மூன்று மிஞ்சும். தொலைதூரத் தொடர்பு உங்கள் நோக்கமானால் இந்த ஒரு வரியே பாதித் தேர்வை முடித்துவிடும்.

பராமரிப்பு. வெற்றிடப் பம்புகள், கிரையோஸ்டாட் எனும் கடுங்குளிர்க் கலம், லேசர் நிலைப்படுத்தல், மாதிரி கிடைக்குமிடம், இவற்றை இயக்கத் தெரிந்த ஆட்கள். இது ஆய்வுக் கட்டுரைகளில் வராத செலவு. ஆனால் ஒரு மாணவரின் ஆண்டுகளை விழுங்குவது இதுதான்.

## முதல் வழி: இரண்டாம் படிப் படிகக் குழி

லித்தியம் நையோபேட், பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட் போன்ற படிகங்களில் ஒரு பம்ப் ஃபோட்டான், அதாவது ஆற்றலூட்டும் லேசரின் ஃபோட்டான், இரண்டாகப் பிளவுபடும். பர்ன்ஹாமும் வைன்பெர்கும் 1970-இல் இந்த இணைகள் ஒரே கணத்தில் பிறப்பதை அளந்து காட்டினார்கள். இணையில் ஒன்றை உணர்கருவியில் பிடித்தால் மற்றொன்று இருப்பது உறுதியாகிறது; இதுவே முன்னறிவிக்கப்பட்ட ஒற்றை ஃபோட்டான். படிகத்தைக் குழிக்குள் வைத்து, அலைவு தொடங்கும் வரம்புக்குக் கீழே பம்ப் செய்தால், ஒற்றைக் கடப்பில் நூற்றுக்கணக்கான கிகாஹெர்ட்ஸ் அகலமாகச் சிதறிக் கிடக்கும் இணைகள் குழியின் குறுகிய ஒத்ததிர்வுகளுக்குள் குவிகின்றன. ஓ, லூ ஆகிய இருவரும் 1999-இல் இதைச் செய்து காட்டினார்கள். ஃபோட்டானின் நிலையைச் சேமிக்கும் அணு நினைவகத்தோடு பொருந்தக்கூடிய மெகாஹெர்ட்ஸ் அகல ஃபோட்டான்கள் அறை வெப்பநிலையில் கிடைப்பது இவ்வழியின் பெரும் கவர்ச்சி.

இதன் அடிப்படைக் குறை பிறப்பின் தற்செயல் தன்மை. ஒரே பாங்கில் (ஒளி அலையின் ஒரே வடிவத்தில்) பிறக்கும் இணைகளின் எண்ணிக்கை வெப்ப ஒளியின் பரவலைப் பின்பற்றுகிறது; ஒரு துடிப்பில் சரியாக ஓர் இணை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு பம்ப் செய்தாலும் 25 சதவீதத்தைத் தாண்டாது. அந்த உச்சத்தில் இரண்டோ அதற்கு மேலோ பிறக்கும் வாய்ப்பும் 25 சதவீதமாக இருக்கும். எனவே அங்கே வேலை செய்ய முடியாது. தூய்மைக்காகப் பம்பைத் தணித்து நூறு துடிப்புக்கு ஓர் இணை என்ற அளவில் வைத்தால், நான்கு தனித்தனி மூலங்கள் ஒரே துடிப்பில் சுடும் வாய்ப்பு பத்துக் கோடியில் ஒன்று. நொடிக்கு 8 கோடித் துடிப்பு தரும் லேசரோடு, எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், நொடிக்கு ஒரு நிகழ்வுகூடக் கிடைக்காது. இதைத் தாண்டப் பலமடித் தொகுப்பு, அதாவது பல முயற்சிகளில் வெற்றிபெற்றதை மட்டும் எடுத்துக்கொள்வது, ஒரு வழி. கனேடாவும் குவியாட்டும் 2019-இல் 40 கால இடங்களில் பிறந்த இணைகளை ஒரு சேமிப்புச் சுற்றில் நிறுத்தி, ஒற்றை ஃபோட்டான் வாய்ப்பை 67 சதவீதம் வரை உயர்த்தினார்கள். பயனுள்ள சாதனைதான், ஆனால் அந்தச் சுற்றில் ஒவ்வொரு கண்ணாடியின் இழப்பும் 40 முறை வரை பெருகும் என்பதை நினைவில் வைத்தே அதைத் திட்டமிட வேண்டும்.

அன்றாட வேலையில் இந்தக் குழி எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 405 நானோமீட்டர் பம்ப், 810 நானோமீட்டர் இணை என்ற வழக்கமான அமைப்பில் படிகத்தைச் சிறிய அடுப்பில் வைத்து வெப்பநிலையை மெல்ல நகர்த்துகிறோம். பம்ப், இணையின் இரு பாதிகள் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்ததிர வேண்டுமென்று ஆசைப்பட்டால், கண்ணாடியின் இடம், படிக வெப்பநிலை, லேசர் அதிர்வெண் ஆகிய மூன்று திருகுகளும் ஒன்றையொன்று இழுக்கும். ஒன்றைச் சரிசெய்யும்போது மற்ற இரண்டும் விலகும். லித்தியம் நையோபேட்டில் இன்னொரு தொல்லை உண்டு. குறுகிய அலைநீளப் பம்ப் படும் இடத்தில் மின்னூட்டங்கள் நகர்ந்து ஒளிவிலகல் எண்ணை மாற்றும். சிப்பில் உள்ள வளையத்தின் ஒத்ததிர்வு பம்பைக் கூட்டிய உடனே திரையில் ஓரமாக ஓடத் தொடங்கும். மக்னீசியம் ஆக்சைடு கலந்த படிகம் இதைக் குறைக்கும்; முற்றிலும் போக்காது.

நிறமாற்றத்தில் இவ்வழிக்கு நிகர் இல்லை. குவாண்டம் நிலையைக் குலைக்காமல் ஃபோட்டானின் அதிர்வெண்ணை மாற்றலாம் என்று பிரேம் குமார் 1990-இல் காட்டினார். இன்று அணுவோ குவாண்டம் புள்ளியோ தரும் ஃபோட்டானை ஒளியிழைக்கு ஏற்ற நிறத்துக்கு மாற்ற எல்லாரும் நாடுவது இந்தப் படிகங்களைத்தான். இங்கே ஒரு கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டுப் பார்க்க வேண்டும். 780 நானோமீட்டர் ஃபோட்டானை 1550-க்குக் கொண்டுபோக வேண்டுமானால் பம்ப் 1570 நானோமீட்டரில் அமையும். இலக்குக்கு இருபதே நானோமீட்டர் தள்ளி நிற்கும் அந்த வலுவான பம்பிலிருந்து ராமன் சிதறல் ஃபோட்டான்கள் (படிகத்தின் அதிர்வுகளால் நிறம் மாறியவை) இலக்கின் மேலேயே கொட்டும். வடிகட்டி மட்டும் காப்பாற்றாது. இலக்கை 1310-ஆக மாற்றினால் பம்ப் 1928-க்குப் போய்விடும். ஒளியிழை இழப்பு கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல் அளவுக்கு ஏறினாலும் இரைச்சல் வெகுவாகக் குறையும். குறுந்தொலைவுக்கு இதுவே நல்ல பேரம்.

படிகத்தைக் கொண்டே ஃபோட்டான் தடுப்பையும் செய்ய முடியாதா என்ற கேள்வி அண்மையில் வலுத்திருக்கிறது. மென்படல லித்தியம் நையோபேட் வளையங்களில் ஒரு கோடி அளவிலான தரக்காரணியை ஹார்வர்டு குழு 2017-இல் எட்டியது. ஒற்றை ஃபோட்டான் பிணைப்புக்கும் கசிவுக்கும் உள்ள விகிதத்தில் யேல் பல்கலைக்கழகக் குழு 2020-இல் ஒரு சதவீதத்தை நெருங்கியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் 2022-இல் இண்டியம் காலியம் பாஸ்பைடில் 1.5 சதவீதத்தை எட்டினார்கள். தடுப்புக்கு வேண்டியது நூறு சதவீதத்துக்கு மேல். இடைவெளி ஐம்பது மடங்குக்கும் மேலாக இருக்கும்போது, மூன்றாண்டில் முடிய வேண்டிய ஆய்வை இதன்மேல் கட்டுவது துணிச்சல் மிகுந்த செயல் என்றே கருதுகிறேன்.

கோட்பாட்டிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பயணம் செய்யும் இரு ஃபோட்டான்கள் நேரியலற்ற ஊடகத்தில் சந்தித்தால், ஊடகத்தின் மறுமொழி நேரமே கட்ட இரைச்சலை, அதாவது ஒளி அலையின் கட்டத்தில் தாறுமாறான மாற்றத்தை, கொண்டுவந்து தருக்க வாயிலின் நம்பகத்தைக் கெடுக்கும் என்று ஜெஃப்ரி ஷாபிரோ 2006-இல் காட்டினார். மறுமொழி உடனடியானது என்றால் இரு ஃபோட்டான்களின் அலைப் பொட்டலங்களும் மேற்படியும் புள்ளிகளில் மட்டும் கட்டம் மாறி, பொட்டலத்தின் வடிவம் சிதையும். ஹாய்க், ஜேக்கப்ஸ், எங்லண்ட் ஆகியோர் 2020-இல் இதற்கு ஒரு மாற்று வழி சொன்னார்கள். குழியின் வாசலை வேண்டியபோது திறந்து மூடக்கூடியதாக ஆக்கினால், வரும் பொட்டலத்தை முழுதாக உள்ளே பிடித்து, ஒரே பாங்கில் இருக்கும்போது வினைபுரியவிட்டு, வந்த வடிவத்திலேயே வெளியே அனுப்பலாம். அப்போது வடிவச் சிதைவு இராது. அழகான தீர்வு. ஆனால் பிடித்து வைத்திருக்கும் நேரம் முழுவதும் உள்ளார்ந்த இழப்பு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், மீண்டும் நாம் அதே இழப்புக் கணக்குக்குத்தான் வந்து சேர்கிறோம்.

வலுக்குறைந்த விளைவைக் கொண்டே இரு இணைந்த குழிகளின் குறுக்கீட்டால் ஜி-டூவைப் பூச்சியத்துக்கு அருகே கொண்டுவரும் ‘மரபுசாராத் தடுப்பு’ 2010-இல் லியூ, சவோனா இருவரால் முன்மொழியப்பட்டு, 2018-இல் ஆய்வகத்தில் காணப்பட்டது. இதை மலிவான ஒற்றை ஃபோட்டான் மூலமாக எண்ணிவிடக் கூடாது. குழிக்குள் சராசரி ஃபோட்டான் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால்தான் குறுக்கீடு நிலைக்கும். ஆகவே வெளிவரும் ஒளி மங்கலாகவே இருக்கும்.

சிலிக்கான் படிகத்துக்குத் தலைகீழ்ச் சமச்சீர் (மையத்தின் வழியே எதிரெதிராகப் புரட்டினாலும் அணு அடுக்கு மாறாத தன்மை) உண்டு; அதனால் அதில் இரண்டாம் படி விளைவு இல்லை. சிலிக்கானிலும் சிலிக்கான் நைட்ரைடிலும் மூன்றாம் படி விளைவைக் கொண்டு இணைகளை உருவாக்குகிறார்கள். தொழிற்சாலைச் செதுக்கல் வசதி கிடைக்கும் என்பது ஆதாயம். 1550 நானோமீட்டரில் சிலிக்கான் இரண்டு ஃபோட்டான்களைச் சேர்த்து விழுங்கும் என்பது நட்டம்.

மறைசெலவு ஒன்று பாக்கி. ‘அறை வெப்பநிலை’ என்ற பெருமை ஃபோட்டான் பிறக்கும் இடத்துக்கு மட்டுமே பொருந்தும். 810 நானோமீட்டரில் சிலிக்கான் உணர்கருவிகள் நன்றாக வேலை செய்யும். தொலைத்தொடர்பு நிறத்துக்குப் போனால், 90 சதவீதத்துக்கு மேல் திறன் தரும் மீக்கடத்தி நானோகம்பி உணர்கருவிகள் வேண்டும். அவை சில கெல்வினில் இயங்குபவை. ஆக, கிரையோஸ்டாட் பின்வாசல் வழியாக வந்துவிடும்.

## இரண்டாம் வழி: குழிக்குள் ஒற்றை அணு

வலுவைக் கேட்டால் இதுதான் அரசன். கால்டெக்கில் கிம்பிள் குழு 2005-இல் ஒரு சீசியம் அணுவை இரு கண்ணாடிகளுக்கிடையே பிடித்து நிறுத்தி ஃபோட்டான் தடுப்பை முதன்முதலில் காட்டியது. கண்ணாடிகளுக்கு இடையே இருந்த இடைவெளி சுமார் 42 மைக்ரோமீட்டர்; ஃபினெஸ் நான்கு இலட்சத்துக்கு மேல், அதாவது ஒரு ஃபோட்டான் மறைவதற்குமுன் இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும். பிணைப்பு வீதம் சுமார் 34 மெகாஹெர்ட்ஸ், குழியின் கசிவு 4.1, அணுவின் சிதைவு 2.6. வெளிவந்த ஒளியின் ஜி-டூ 0.13.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வடிவமைப்பு, கார்ஷிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில் ரெம்பெ குழுவினருடையது. அவர்கள் வலுவின் உச்சத்தைத் தேடவில்லை. ஒரு கண்ணாடி மற்றதைவிடப் பலமடங்கு அதிகமாகக் கசியுமாறு அமைத்து, உள்ளே போன ஒளியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வந்த வழியே திரும்புமாறு செய்தார்கள். அந்தக் குழியைக் கொண்டுதான் 2013-இல் ஃபோட்டானை அழிக்காமல் கண்டறிந்தார்கள். 2014-இல் ஃபோட்டானுக்கும் ரூபிடியம் அணுவுக்கும் இடையே வாயில் அமைத்தார்கள். 2016-இல் இரு ஃபோட்டான்களுக்கு இடையேயான வாயிலைச் சுமார் 76 சதவீத நம்பகத்தோடு காட்டினார்கள்.

அந்த 2016 சோதனையில்தான் இவ்வழியின் மறைசெலவும் தெளிவாகத் தெரிகிறது. இரு ஃபோட்டான்களும் அடுத்தடுத்து குழியில் பட்டுத் திரும்பியபின் அணுவின் நிலையை அளந்து, அதற்கேற்ப முதல் ஃபோட்டானைத் திருத்த வேண்டும். அளவை முடியும்வரை ஃபோட்டான் எங்கே காத்திருக்கும்? 1.2 கிலோமீட்டர் நீள ஒளியிழையில். 780 நானோமீட்டரில் அந்த இழையிலேயே ஃபோட்டான்களில் பாதிக்கு மேல் தொலைந்துவிடும். வாயிலின் தருக்கம் சரி, வழிப்பயணம்தான் இழப்பு.

இதற்கு மேல், மீவுயர் வெற்றிடம், அணுவைக் குளிர்விக்கும் லேசர்கள், பிடித்துவைக்கும் லேசர், குழியை நிலைப்படுத்தும் லேசர் எனப் பெரிய மேசை நிறையக் கருவிகள். அணு பொறியிலிருந்து நழுவினால் மீண்டும் ஏற்ற வேண்டும். அந்த நேரமெல்லாம் தரவு இல்லை. பட்டையகலம் சில மெகாஹெர்ட்ஸ் என்பதால் வாயிலும் மெதுவானதே. அணுக்குளிர்விப்பில் ஏற்கெனவே கைதேர்ந்த குழு இல்லாத இடத்தில், ஒரே மாணவர் இதைப் பூச்சியத்திலிருந்து கட்டத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அனுபவமுள்ள குழு இருந்தாலோ, எல்லா ரூபிடியம் அணுக்களும் இயற்கையிலேயே ஒன்றுபோல இருப்பதன் அருமை வேறெந்த வழியிலும் கிடைக்காது: இரு ஊர்களில் உள்ள இரு குழிகளும் எந்தத் திருகலும் இன்றி ஒரே நிறத்தில் பேசும்.

ஒரே அணுவுக்குப் பதில் அணுக்கூட்டத்தை ரிட்பர்க் நிலைக்கு (எலக்ட்ரான் கருவிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் உயர் ஆற்றல் நிலை) ஏற்றி வலுவைப் பெறும் கிளை வழியும் உண்டு. கார்ஷிங்கிலேயே 2022-இல் குழிக்குள் வைத்த ரிட்பர்க் கூட்டத்தைக் கொண்டு 40 சதவீதத்துக்கு மேற்பட்ட திறனுடைய இருஃபோட்டான் வாயில் அமைக்கப்பட்டது. இழப்பை முதன்மையாகக் கருதினால், ஒற்றை அணுவைவிட இதையே முன்னே வைக்க வேண்டியிருக்கும்.

## மூன்றாம் வழி: குழிக்குள் குவாண்டம் புள்ளி

காலியம் ஆர்சனைடுக்குள் வளரும் இண்டியம் ஆர்சனைடுத் தீவுகள் செயற்கை அணுக்கள் போல நடந்துகொள்கின்றன. ஒரு துடிப்பில் ஒருமுறை தூண்டினால் ஒரே ஃபோட்டான். வெளியீடு தற்செயலைச் சார்ந்ததன்று. குழி அதன் உமிழ்வை விரைவுபடுத்தி, ஒரே திசையில் கூட்டிக் கொடுக்கிறது. பாரிஸ் அருகே செனெல்லார்ட் குழு நுண்தூண்களில் 2016-இல் காட்டிய தூய்மையும் ஒருமையும் இத்துறையின் போக்கை மாற்றின. குவாண்டெலா நிறுவனம் அங்கிருந்தே பிறந்தது. பாசெலில் வார்பர்டன் குழு 2021-இல், மேற்கண்ணாடியைத் தனியே நகர்த்தக்கூடிய திறந்த குழியைக் கொண்டு, தூண்டலிலிருந்து ஒளியிழை வெளியீடு வரை சேர்த்து 57 சதவீதத் திறனை எட்டியது. படிக இணைகளின் 25 சதவீத வரம்போடு இதை ஒப்பிட்டால் பல ஃபோட்டான் சோதனைகளில் புள்ளி ஏன் முந்துகிறது என்பது விளங்கும்.

தடுப்பிலும் இதற்கு இடம் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் வுச்கோவிச் குழு ஒளிப்படிகக் குழியில் (சீரான துளை வரிசையால் ஒளியைச் சிறைப்பிடிக்கும் தகடு) 2008-இலேயே அதைக் காட்டியது. அணுவைவிட ஆயிரம் மடங்கு விரைவு என்பது இதன் சிறப்பு: பிணைப்பும் கசிவும் இங்கே கிகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓடுகின்றன.

இதன் செலவு வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. எந்தப் புள்ளியும் மற்றொரு புள்ளியின் நிறத்தில் பிறப்பதில்லை. மாதிரியைச் சுமார் 4 கெல்வினுக்குக் குளிர்வித்து, பரப்பு முழுவதும் வரிவரியாக ஒளிர்வு வரைபடம் எடுத்து, நூறு புள்ளிகளைப் பார்த்து, கோடு கூர்மையாகவும் சிமிட்டாமலும் இருக்கும் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதன் நிறம் குழியின் நிறத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அதன்பின் மின்புலத்தாலோ தகைவாலோ எஞ்சிய வித்தியாசத்தை இழுத்துப் பொருத்த வேண்டும். இதனால்தான் பலரும் பல புள்ளிகளை ஒத்திசைக்கும் முயற்சியை விட்டு, ஒரே புள்ளியின் அடுத்தடுத்த துடிப்புகளை விரைவு மாற்றிகளால் பல வழிகளில் பிரித்து அனுப்புகிறார்கள். அந்த மாற்றிகளின் இழப்பு உங்கள் 57 சதவீதத்தின்மேல் பெருக்கப்படும்.

தூண்டும் லேசரும் வெளிவரும் ஃபோட்டானும் ஒரே நிறம் என்பதால், லேசரைப் பிரிக்கக் குறுக்கு முனைவாக்க வடிகட்டல் (லேசரின் அதிர்வுத் திசைக்குச் செங்குத்தான ஒளியை மட்டும் விடுவது) வழக்கம். சமச்சீர்க் குழியில் அது ஃபோட்டான்களில் பாதியைத் தின்றுவிடும். நீள்வட்டத் தூண்கள் போன்ற சமச்சீரற்ற குழிகள் வேண்டுவது இதனால்தான். மூடிய சுற்றுக் கிரையோஸ்டாட்டின் துடிப்பு அதிர்வு திறந்த குழிகளை நொடிக்கு ஒருமுறைக்கு மேல் உலுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல செதிள் (புள்ளிகள் அடங்கிய குறைக்கடத்தித் தகடு) வளர்ப்போர் உலகில் சிலரே. அவர்களோடு கூட்டு இல்லாமல் இவ்வழியில் இறங்கினால் ஆய்வின் கால அட்டவணை உங்கள் கையில் இருக்காது.

வழக்கமான புள்ளிகளின் நிறம் 900 முதல் 950 நானோமீட்டர் வரை. 930-லிருந்து 1550-க்கு மாற்றப் பம்ப் 2325 நானோமீட்டரில் அமைகிறது. இலக்கிலிருந்து வெகு தொலைவு. எனவே ராமன் இரைச்சலில் ரூபிடியத்தைவிடப் புள்ளிக்கு இங்கே நல்ல நேரம்.

வைரத்தில் உள்ள சிலிக்கான்–வெற்றிடக் குறைபாட்டை (கார்பன் அணு இல்லாத காலி இடத்தோடு சேர்ந்து அமர்ந்த சிலிக்கான் அணு) குழியில் வைக்கும் வழியையும் இங்கேயே குறிப்பிடலாம். ஹார்வர்டு குழு 2020-இல் அதை நினைவகமாக்கி, நேரடி அனுப்பலைவிடச் சிறந்த குவாண்டம் தொடர்பைக் காட்டியது. ஃபோட்டானை நெடுநேரம் நினைவில் வைக்க வேண்டுமென்றால் புள்ளியைவிட இது மேல். ஆனால் ஒரு கெல்வினுக்கும் வெகு கீழே இறங்கும் நீர்ப்புக் குளிர்விப்பான் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | படிகக் குழி | ஒற்றை அணு | குவாண்டம் புள்ளி |
|---|---|---|---|
| பிணைப்பு, கசிவை நோக்க | ஓரிரு சதவீதம் | பல மடங்கு மேல் | ஒன்றை ஒட்டியோ மேலோ |
| ஃபோட்டான் பிறப்பு | தற்செயல், முன்னறிவிப்பு உண்டு | வேண்டியபோது, மெதுவாக | வேண்டியபோது, விரைவாக |
| நிறம் | விருப்பப்படி | அணு வகுத்தது | பெரும்பாலும் 900–950 நானோமீட்டர் |
| பட்டையகலம் | மெகாஹெர்ட்ஸ் முதல் மிக அகலம் வரை | சில மெகாஹெர்ட்ஸ் | கிகாஹெர்ட்ஸ் |
| ஒன்றுபோல் இரண்டு | வடிவமைப்பால் இயலும் | இயற்கையாகவே | கடும் முயற்சியால் |
| முதன்மை மறைசெலவு | உணர்கருவியும் தொகுப்பு மாற்றிகளும் | வெற்றிடமும் லேசர்களும் ஆட்களும் | செதிளும் புள்ளித் தேடலும் குளிரும் |

## எந்த வேலைக்கு எது

சிக்கலுற்ற (ஒன்றின் நிலை மற்றதன் நிலையோடு பிணைந்த) இணைகள், மறையாக்கச் சாவிப் பகிர்வு, நிறமாற்றம், உணர்கருவி அளவீடு ஆகியவை நோக்கமானால் படிகத்தைத் தவிர வேறெதையும் தேட வேண்டியதில்லை. 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயோடு ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்தில் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்திருக்கிறது, அந்தத் திசையில் சேர விரும்பும் தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் படிகக் குழியிலும் நிறமாற்றத்திலும் பெறும் கைப்பழக்கம் உடனே செல்லுபடியாகும்.

ஐந்துக்கு மேற்பட்ட ஃபோட்டான்களை ஒரே நேரத்தில் குறுக்கிடவைக்க வேண்டுமென்றால் புள்ளி. இங்கே ஒரு நினைவூட்டல் பொருத்தமாக இருக்கும்: இமானுவேல் நில், லஃப்லாம், மில்பர்ன் ஆகியோர் 2001-இல் காட்டியபடி, நல்ல ஒற்றை ஃபோட்டான் மூலமும் நல்ல உணர்கருவியும் இருந்தால், ஃபோட்டான்கள் ஒன்றோடொன்று நேராக வினைபுரியாமலேயே கண்ணாடிகளையும் அளவையையும் கொண்டு கணிப்பு செய்ய இயலும். வாயிலுக்காக வலுவான குழியைத் துரத்துமுன் இந்த வழி உங்கள் தேவைக்குப் போதுமா என்று பார்த்துவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

ஃபோட்டானை அழிக்காமல் கண்டறிதல், இரு ஃபோட்டான்களுக்கு இடையே நேரடி வாயில், தொலைவில் உள்ள இரு நினைவகங்களைச் சிக்கலுறப் பின்னுதல் ஆகியவற்றுக்கு அணுவே இன்றும் முன்னணியில் நிற்கிறது. படிகத் தடுப்பை ஆராய விரும்புவோர் அதைப் பொருளறிவியல் ஆய்வாக வகுத்துக்கொள்ளட்டும்: வளையத்தின் பக்கச்சுவர்ச் சொரசொரப்பைக் குறைத்து உள்ளார்ந்த இழப்பைப் பாதியாக்குவதே ஒரு முழு ஆய்வேட்டுக்குத் தகுந்த இலக்கு.

எந்த வழியை நோக்கிச் சாய்ந்தாலும், கருவிகளுக்கான விலைப்புள்ளி கேட்குமுன் ஒரு தாளில் இழப்புக் கணக்கை எழுதிப் பாருங்கள்: குழியிலிருந்து வெளிவரும் விகிதம், ஒளியிழையில் நுழையும் விகிதம், நிறமாற்றத் திறன், வடிகட்டிகளின் ஊடுகடத்தல், மாற்றிகள், உணர்கருவி. ஒவ்வொன்றும் 80 சதவீதம் என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் ஆறையும் பெருக்கினால் 26 சதவீதம்தான் மிஞ்சும். இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து தப்பிக்க வேண்டிய சோதனையில் அது 7 சதவீதம், நான்குக்கு அரை சதவீதத்துக்கும் கீழே.